பார்க்கப் பார்க்கக் குறைந்த எடை

2004 ஜனவரி 24, சனிக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. பனி விலகி வெயில் லேசாக அடித்தது. பெரம்பலூரில் நான் வைத்திருந்த வெங்காய மண்டியில், செட்டிகுளத்து விவசாயி ஒருவர் நாற்பது மூட்டை சின்ன வெங்காயம் இறக்கியிருந்தார். மொத்தம் 2,040 கிலோ. மண்ணுக்கும் சாக்குக்கும் மூட்டைக்கு ஒரு கிலோ கழிப்பது வழக்கம். அந்தக் கணக்கு அந்த மாதம்தான் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தது.

திரையில் 2,000 என்று வந்தது. எனக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் போதாது. மறுபடி பொத்தானைத் தட்டினேன். 1,960. எடை போட்டவனை முறைத்தேன். அவன் எங்கோ பார்த்தான். சீட்டிலாவது சரியாக வரும் என்று அச்சடித்தால், 1,920.

விவசாயி சீட்டை வாங்கிப் பார்த்தார். பதினோரு வருடமாக என்னிடம் மட்டுமே சரக்குப் போடுகிறவர்.

"மூட்டைக்கு மூணு கிலோவாங்க கழிப்பீங்க?"

"மிஷின் ஏதோ தப்பு பண்ணுதுங்க. கொஞ்சம் இருங்க."

"மிஷினு உங்க வூட்டு மிஷினுதானங்க."

மூட்டைகளைத் திரும்ப ஏற்றும்படி டெம்போக்காரரிடம் சொல்லிவிட்டார். விவசாயியின் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி வைத்து, புரோகிராம் எழுதிய பெண்ணுக்குப் போன் போட்டேன். அரியலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவள். அவள் பஸ் பிடித்து வரும்வரை எதிரே இருந்த போட்டி மண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள்தான் காசு கொடுத்து இப்படி எழுதச் சொல்லியிருக்க வேண்டும்.

வந்தவள் முதலில் கேட்டது, "எத்தன தடவ பாத்தீங்க சார்?"

"ரெண்டு தடவை. அப்புறம் பிரிண்ட்."

"அதான். புரோகிராம்ல கழிக்கிறதுக்குன்னு தனியா ஒரு பகுதி இருக்கு, ஃபங்ஷன்னு பேரு. அதுக்கு எடைய அனுப்புறோம்ல, அதோட நகல் போயிருந்தா நகல்லதான் கழிக்கும். அசல் அப்படியே இருக்கும். நான் அசலையே அனுப்பிட்டேன். நீங்க பாக்குறப்பல்லாம் அசல்ல நாப்பது கொறையுது."

"ஐயா இன்னும் நாலு தடவ பாத்திருந்தா எனக்கு வெங்காயமே இருந்திருக்காது," என்றார் விவசாயி.

"அசலை ஏம்மா கொடுத்த?"

"இந்த புரோகிராம் எழுதுற மொழியில நாம எதுவும் சொல்லலைன்னா அசல்தான் சார் போகும்."

பத்திர ஆபீசில்கூட வாய் திறந்து கேட்காமல் அசலைத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். இப்படி ஒரு மொழியை யார், எதற்குச் செய்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நகல்தான் போக வேண்டும் என்று அவள் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாள். எடையை மறுபடி 2,040 என்று போட்டு ஆறு தடவை தட்டினேன். ஆறு தடவையும் 2,000. விவசாயி நம்பவில்லை. தன் கண் முன்னால் நாற்பது மூட்டையையும் மறுபடி எடை போட்டால்தான் சரக்கு இங்கே இருக்கும் என்றார். போட்டோம். அதே 2,040. அதன் பிறகுதான் டெம்போவை அனுப்பினார்.

அவள் கூலி வேண்டாம் என்றாள். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. போக வர பஸ் காசு இருபத்திரண்டு ரூபாயை மட்டும் வாங்கிக்கொண்டாள். மறு எடைக்கு மூட்டைக்கு மூன்று ரூபாய் வீதம் ஆள் கூலி நூற்றிருபது. டெம்போ நின்றதற்கு நூற்றைம்பது. ஆக என் கையை விட்டுப் போனது இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய்.