பாங்கொக்கில் தின்ற சோறு

இதைச் சொல்ல இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. சுவிஸில், வின்டர்தூர் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு வேலை. கூட வேலை செய்யும் நொய் தாய்லாந்துக்காரி, கணவர் சுவிஸ்காரர்.

நூலகத்தில் ஒரு நாவல் எடுத்தேன். தாய்லாந்தில் குடியேறிய வெள்ளைக்காரன் ஒருவனின் கதை. அதில் வரும் அந்த நாட்டுப் பெண்கள் எல்லோரும் பாரில் உட்கார்ந்து சுற்றுலாப் பயணிகளுக்காகக் காத்திருந்தார்கள். படித்து முடித்த மறுநாள், இடைவேளையில், எல்லோர் முன்னாலும் நொய்யிடம் வாய் கூசாமல் கேட்டேன்: "உன்ர மனுசன் உன்னை எந்த பாரில பிடிச்சவர்?"

அவள் சிரிக்கவில்லை. "மருத்துவமனையில். அவர் கால் முறிந்து வந்தார். நான் தாதி. என் சான்றிதழ் இங்கே செல்லாது" என்றாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

வீட்டில் மனைவியிடம், "பகிடிக்குத்தான் கேட்டனான்" என்றேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

"சுவிசுக்குக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு காசு வாங்கின ஏஜென்சிக்காரன் நடுவழியில விட்டிட்டு ஓட, பாங்கொக்கில எட்டு மாசம் ஒளிச்சிருந்தனீங்கள் எல்லோ? பக்கத்து அறை மனிசிதானே ஒவ்வொரு நாளும் சோறு தந்தவ. அவவை எந்த பாரில கண்டனீங்கள்?"

எட்டு மாதம் அந்தச் சோற்றைத் தின்ற நான், அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. நாவலில் வந்த வெள்ளைக்காரனின் பெயர் மட்டும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.