குறுக்கே வராத ஆடு

ராஜபாளையத்தில் நைட்டி தைக்கிற வீடுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை வேனில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்ற பெண் மெகராஜ் பேகம் ஒருத்திதான். கணவர் இறந்த மறு வருஷம் லைசென்ஸ் எடுத்தாள். பொம்பளைக்கு எதுக்கு வேன் என்று முகத்தைச் சுளித்த சொந்தக்காரர்கள், பிறகு அதே வேனில் கல்யாணச் சாமான் ஏற்றக் கூச்சமில்லாமல் வந்து நின்றார்கள்.

சுந்தரபாண்டியத்தில் அந்த வேன் முதலில் நிற்பது கல்பனா வீட்டு வாசலில். பன்னிரண்டு வருஷப் பழக்கம். மெகராஜின் மகள் நாஜியாவுக்குப் பிரசவம் ஆனபோது, கல்பனாதான் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன், ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி ஒரு வேகத்தடைக்காக மெகராஜ் வேனை மெதுவாக்கினாள். பின்னால் வந்த கார் மெதுவாக்கவில்லை. வேனின் பின்பக்கம் நசுங்கி, அடிச்சட்டமே கோணிவிட்டது. ரோடு முழுக்க நைட்டி. இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால், காருக்குள் கல்பனா! ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறாள். காரை ஓட்டியவன் அவள் மகன் பாண்டிதுரை, பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவன். நெற்றியில் ரத்தம். கையில் இன்னும் செல்போன்.

“அக்கா, நாலு நாள்ல அவன் டூட்டிக்குப் போகணும். கேஸுன்னு ஆயிட்டா வேலையே போயிரும்க்கா. வண்டிய நாங்க சரி பண்ணித் தாறோம்” என்று காலில் விழாத குறையாகக் கல்பனா அழுதாள்.

மெகராஜுக்கு மனசு இளகிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்த போலீஸ்காரரிடம், “ஆடு குறுக்க வந்துச்சு சார். நான்தான் சடக்குன்னு பிரேக் போட்டுட்டேன். அவிய மேல தப்பில்ல” என்றாள். அவர் எழுதி நீட்டியதில் கையெழுத்தும் போட்டாள்.

பாண்டிதுரை நல்லபடியாக டூட்டியில் போய்ச் சேர்ந்தான். அப்புறம் கல்பனாவின் புருஷன் சோலைச்சாமி கையை விரித்தார். காருக்கு இன்சூரன்ஸ் கட்டாமல் விட்டிருந்தார். வேனைச் சரி பண்ண ஆகும் ஒன்றரை லட்சம் அவர் மடியிலிருந்துதான் போக வேண்டும். “தப்பு தம்மேலதான்னு அந்தம்மாவே எழுதிக் குடுத்திருக்கே” என்றார். இப்படியும் ஒரு மனுஷன்!

வேன் பட்டறையில் கிடந்தது. மெகராஜ் துணி மூட்டையோடு டவுன் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு அலைந்தாள். பாதி வியாபாரம்கூட ஆகவில்லை. வேறு வழியில்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள். வக்கீல் ஜெயசித்ரா தலையில் அடித்துக்கொண்டார்.

“இந்தக் கையெழுத்து இருக்கையில நம்ம பேச்சு எடுபடாதும்மா. கூட இருந்து பாத்தவங்க யாராவது வந்து உண்மையச் சொல்லணும்.”

“கல்பனா இருக்கால்ல. அவளக் கூப்பிடுங்க. எம்மூஞ்சிக்கு நேரா அவ பொய் சொல்ல மாட்டா.”

வாய்தா மேல் வாய்தா போய், ஒருவழியாகக் கல்பனா சாட்சிக் கூண்டில் ஏறினாள். மெகராஜ் பக்கம் திரும்பவே இல்லை.

“ஆடு குறுக்க வந்துச்சுங்கய்யா. கறுப்பு ஆடு. கூட ஒரு குட்டியும் வந்துச்சு. இவுக சடக்குன்னு நிப்பாட்டிட்டாக. எம்மவன் என்ன செய்வான்?”

மெகராஜ் அன்று சொன்னது வெறும் ஆடு. நிறமும் குட்டியும் கல்பனா சேர்த்தவை. அவள் சொன்ன விதத்தில், அப்படித்தான் நடந்ததோ என்று மெகராஜுக்கே ஒரு நொடி தோன்றிவிட்டது. பிறகுதான் உறைத்தது. இவள் வாசலையா இத்தனை வருஷம் நம்பினோம் என்று உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள்.

வெளியே வந்ததும், இனி ஜெயிக்க வழியில்லை என்று ஜெயசித்ரா சொல்லிவிட்டார். பின்னாலேயே கல்பனா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

“பெத்த வயிறுக்கா, நான் என்ன செய்ய? மனசுல வச்சுக்கிராதீக. எப்பவும்போல நம்ம வீட்டுக்கு வாங்கக்கா.”

“எதுல வர?” என்றாள் மெகராஜ். கையை உருவிக்கொண்டாள். “இனிமே என்னைய அக்கான்னு கூப்பிடாத.”

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதே பட்டறைக்குப் போன் போட்டு, வேனை எடைக்குப் போட்டுவிடச் சொன்னாள்.