காறையெலும்பின் மேல் ஒரு நெறி

ரோஸ்லினை ஏமாற்றியவள் நான். ஆம், நான்தான்! என் கைப்பட ஒரு பொய்யை எழுதினேன். பிறகு அந்தப் பொய்யையே சாட்சிக்கும் இழுத்தேன்.

நீங்கள் என்னை வேறுவிதமாக அறிந்திருக்கிறீர்கள். என் மூன்றாண்டு உழைப்பைப் பேராசிரியர் தம் பெயரில் வெளியிட்டுவிட்டு, கட்டுரையின் கடைசி வரியில் எனக்கு நன்றி சொன்னாரே... நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டார் என்று நான் அழாத இடமில்லை. இன்றும் வயிறு எரிகிறது. நீங்களும் எனக்காக வருந்தினீர்கள். அந்த வருத்தத்தை வாங்கிக்கொள்ள எனக்கு என்ன தகுதி?

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்யும்போது அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிடுவார்கள். நீர் வடிய வழியின்றிச் சிலருக்குக் கை வீங்கும். இறுக்கமான உறையை ஆறு மாதம் அணிந்தால் வீக்கம் வற்றுமா என்பதே என் ஆய்வு. அதற்கு ஒரு விதி உண்டு. இடையில் ஒருவருக்குப் புற்றுநோய் திரும்பினால் அவரை ஆய்விலிருந்து நீக்கிவிட வேண்டும்.

கீழவைப்பாரிலிருந்து மாதந்தோறும் பேருந்து மாறி வருவாள் ரோஸ்லின். மீன் விற்பவள், என் வயதுதான். "நீங்க தொட்டாலே பாதி வீக்கம் வத்திருதுல்லா, டாக்டரம்மா" என்று சிரிப்பாள். நான் நாசரேத்து வாத்தியார் வீட்டுப் பெண். பொய் சொன்னால் நாக்கு வெந்துபோகும் என்று பயமுறுத்தி வளர்த்தார்கள். வேகவில்லையே!

ஐந்தாவது மாதம். கையை அளந்து முடித்துக் கழுத்தைத் தடவினேன். இடது காறையெலும்புக்கு மேலே விரல் நின்றது. புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி, ஒரு நெறி. கல்லாக இருந்தது, அசையவில்லை. மறுபடி அழுத்தினேன், அவளுக்கு வலிக்கவும் இல்லை. வலிக்காத நெறிக்கு என்ன பொருள் என்று எனக்கா தெரியாது?

ஏற்கெனவே பலர் பாதியில் நின்றிருந்தார்கள். இன்னும் ஒருவர் குறைந்தால் கட்டுரை எடுபடாது என்று பேராசிரியர் எச்சரித்திருந்தார். உன் பெயர்தான் முதலில் வரும் என்று ஆசையும் காட்டியிருந்தார். ஒரே ஒரு மாதம்தானே... முடிந்ததும் சோதித்துக்கொள்ளலாமே...

அவளுடைய இடது விரலில் ஒரு புண் இருந்தது. "கெளுத்தி முள்ளு ஏறிட்டு" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டேன்! "அதுக்குத்தான் நெறி கட்டியிருக்கு. தானா வத்திரும்" என்றேன். கடற்கரையில் யாரும் சந்தேகப்படாத காரணம் அது. படிவத்தில் 'புதிய கட்டி எதுவும் இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

ஆறாம் மாத அளவை எடுத்த பிறகு, அன்றுதான் கண்டுபிடித்தவள்போல் அவளைப் புற்றுநோய்ப் பிரிவுக்கு அழைத்துப்போனேன். நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவள் இல்லை.

ஒரு மாதத்தில் என்ன மாறியிருக்கும் என்கிறீர்களா? ஒருவேளை ஒன்றுமே மாறியிருக்காது. ஆனால் அந்த மாதம் அவளுடையது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

இதைக்கூட மன்னிப்பவர்கள் இருக்கலாம். புற்றுநோய்ப் பிரிவில் அன்று நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கட்டி எப்போதிலிருந்து இருக்கிறது என்று மூத்த மருத்துவர் கேட்டார்.

"போன மாசமே இருந்துச்சு, சார். டாக்டரம்மா ரெண்டு தரம் அமுக்கிப் பாத்தாவளே! முள்ளு நெறின்னு சொன்னாவ" என்றாள் ரோஸ்லின்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் படிவத்தை நீட்டினேன். "அப்போ ஒண்ணும் இல்ல, சார். எழுதியிருக்கேனே."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்... அவள் கோபிக்கவில்லை. நான்தான் சொன்னேனா, தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதா என்று என் முகத்திலேயே விடை தேடினாள். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

உடன் வந்திருந்த அவள் கணவர் சூசைக்குப் பொறுக்கவில்லை. "ஏளா, படிச்சவுக பொய்யா எழுதுவாவ? வாய மூடு!" என்று அதட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அதன்பின் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சூசை என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "பயத்துல என்னமோ ஒளறுதா, டாக்டரம்மா. மனசுல வச்சுக்கிடாதீய. மன்னிச்சிருங்க."

"பரவாயில்லை" என்றேன்.