நைனாவின் கட்டைவிரல்

மகளுக்கு நாய்க்குட்டி வாங்க ராயபுரம் போயிருந்தோம். கடைக்காரர் தீனி மூட்டையைப் பிரித்தார். அப்படியே நெத்திலிக் கருவாட்டு வாசனை. நான் சின்ன வயது எர்ணாவூருக்கே போய்விட்டேன்.

அங்கே எங்கள் தெருமுனையில், கவிழ்த்துப் போட்ட படகின் அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. வெள்ளைக்குட்டிதான் வேண்டும் என்று நானும் குட்டித் தம்பியும் அடம்பிடித்தோம். அப்பாவை நாங்கள் நைனா என்போம். ஹார்பரில் மூட்டை தூக்குபவர். அவர் நிறத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு குட்டிக்கும் கருவாடு போட்டு, அது தின்னும்போதே கையை நீட்டிப் பிடுங்கினார். வெள்ளைக்குட்டி உறுமிக்கொண்டு அவர் கட்டைவிரலைக் கவ்வியது.

"நைனா, ரத்தம் வருது!" என்று அலறினேன்.

"வந்தா இன்னா? நாளைக்கு தம்பி கைய வெப்பான். அதுக்கு மின்னாடி நான் வெச்சுப் பாக்க வேணாவா?"

கருவாட்டை விட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து வாலாட்டிய செவலைக்குட்டிதான் வீட்டுக்கு வந்தது. அதன் தட்டில் கைவிட்டு அளைந்தபடியே தம்பி வளர்ந்தான்.

"கொயந்தைங்க கீற வூட்டுக்கு லாப்ரடார்தான் மேடம். பாப்பாவ தட்டாண்ட வுடுங்க, ஒண்ணியும் பண்ணாது" என்றார் ராயபுரம் கடைக்காரர், ஒரு குட்டிக்குத் தட்டில் தீனியை வைத்தபடி.

மகள் ஆசையாகக் கையை நீட்டினாள். அதைப் பிடித்து நிறுத்திவிட்டு, குட்டி தின்றுகொண்டிருந்த தட்டில் என் கையை வைத்தேன்.

சுருக்கென்றது. கட்டைவிரலில் ரத்தம். கடைக்காரர் பதறிப்போய்த் துணி தேடினார்.

"பரவால்லண்ணா" என்றேன். "இது வேணாம். அடுத்தத காட்டுங்க."