மலைமுகட்டில் போன கண்கள்

பனிமலை ஒன்றின் முகட்டில் என் இரண்டு கண்களும் நிரந்தரமாகப் போய்விட்டன என்று நான் முக்கால் மணி நேரம் முழுமனதாக நம்பினேன். பகிடிக்குச் சொல்லவில்லை. இனிக் கார் ஓட முடியாது, தொழில் போச்சு, மனைவி என் கையைப் பிடித்து லண்டன் குட்மேய்ஸ் ஸ்டேஷன் படியில் ஏற்றி இறக்கப்போகிறாள், இறைச்சிக்கடைக்காரன் வெறும் எலும்பை நிறுத்துத் தந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை என்பதுவரை யோசித்து முடித்துவிட்டேன்.

நான் கார் ஓடப் பழக்குகிறவன். எங்கள் பக்கத்து அக்காமார், தங்கச்சிமார் பலர் என் காரில்தான் முதன்முதலாக ரவுண்டபவுட் ஒன்றைக் கண்டு கண்ணை மூடினார்கள். அவர்கள் மூடும் நேரத்தில் திறந்து வைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கண் இல்லையென்றால் நான் பக்கத்து சீட்டில் இருக்கும் ஒரு மூட்டை.

அந்தப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்னர், என்னைப்போன்ற சீனி வருத்தக்காரருக்கு, அதாவது நீரிழிவுக்காரருக்கு, செய்யும் கண் பரிசோதனை பற்றி எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. கண்ணின் பின்புறத்தில் சிறு மாற்றம் தெரிகிறது, இன்னொரு தரம் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், இன்ன நாளுக்கு வாருங்கள். நான் அதை நாலாக மடித்து, கார் டாஷ்போர்ட் லாச்சிக்குள் எல் போர்டுகளுக்கு அடியில் வைத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் மட்டன் ரோல்ஸ் அன்றோடு முடிந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். வாய்விட்டுச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்ற பயம்.

இந்த நிலையில்தான் மனைவியின் தம்பி எங்களைச் சுவிஸ் மலைக்குக் கூப்பிட்டான். அவன் கனகாலம் சுவிஸில் இருந்துவிட்டு இப்போது வடலண்டன் எட்மண்டனில் கடை வைத்திருக்கிறான். லண்டனில் எதைக் கண்டாலும் சுவிஸில் அது இதைவிடத் திறம் என்பான். மழைகூட அங்கே துப்புரவாகப் பெய்யுமாம்.

“அத்தான், ஒருக்கா ஸ்னோஷூ போட்டு மலையில நடந்து பாருங்கோ. அரைநாள்தான். சும்மா பார்க்கில நடக்கிற மாதிரி.”

நான் பார்க்கிலும் நடப்பதில்லை. ஆனால் மனைவி ஒவ்வொரு நாளும் நடப்பாள். அவள் அன்றைக்கே கம்பளிக் காலுறை வாங்கப் போய்விட்டாள்.

ஸ்னோஷூ என்பது சப்பாத்துக்குக் கீழே பூட்டும் அகலமான பிளாஸ்டிக் தட்டு. கால் பனிக்குள் புதையாமல் தாங்குமாம். அதைப் பூட்டியபின் மனிதன் தாரா வாத்தைப்போல் நடக்கிறான், அதற்கும் வாடகை. மலையடிவாரத்துக் கடையில் தந்த சப்பாத்துக்குள் காலை விட்டேன். உள்ளே இளஞ்சூடாக இருந்தது. அந்தச் சூடு என்னுடையதல்ல. யாரோ ஒருவன் ஒரு முழுக் குளிர்காலத்தையும் அதற்குள் வேர்த்து ஊற்றிவிட்டுச் சற்றுமுன்தான் இறங்கிப் போயிருந்தான். கடைக்காரி அதன்மேல் எலுமிச்சை வாசனை மருந்து அடித்திருந்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்து அவித்த காலுறை எப்படி மணக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மச்சான் தன்னுடைய பழைய பனிக்கண்ணாடியை எனக்குத் தந்தான். நீந்துபவர்கள் போடுவதுபோல முகத்தோடு அப்பிக்கொள்ளும் சாமான். ஓரத்துப் பஞ்சில் அவனுடைய பல வருட நெற்றி எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. நான் அதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினேன்.

“என்ன அத்தான், செத்த எலியைத் தூக்கிற மாதிரித் தூக்கிறியள்?”

“எலியெண்டா முகத்தில போடச் சொல்லமாட்டாய்தானே.”

எங்களோடு வந்த வழிகாட்டி உயரமான ஒரு பெண், அறுபது வயது இருக்கும். ஜெர்மனில் ஏதோ சொன்னாள். மச்சான் மொழிபெயர்த்தான்.

“கண்ணாடியைக் கழட்டக் கூடாதாம். வெயில் ஸ்னோவில பட்டுத் தெறிச்சுக் கண்மணி அவிஞ்சுபோகுமாம்.”

அவள் சொன்னது நாலு சொல். அவன் சொன்னது அதைவிடக் கூட. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. “அவிஞ்சுபோகும்” என்ற சொல் காதில் விழுந்ததும் எல் போர்டுக்கு அடியில் கிடந்த கடிதம் நினைவுக்கு வந்தது.

புறப்படுமுன் மனைவி கைப்பையிலிருந்து சின்னத் தகரத் தைலப் பேணியை எடுத்தாள். எங்கள் வீட்டில் குளிர் என்றால் தைலம். பனிக்காலத்தில் நான் காலை ஏழு மணிப் பாடத்துக்கு வெளிக்கிடும்போதும் நெற்றியில் அது இருக்கும். அந்த மணம் எங்கள் சுவர்களிலேயே ஊறிப்போனதால் எங்கள் ஒருவருக்கும் அது மணமாகப் படுவதில்லை. நெற்றியிலும் மூக்கின் இரண்டு பக்கமும் அளவாகப் பூசினாள்.

“இன்னும் கொஞ்சம் அப்புமப்பா. அங்க மேல குளிர் கூட,” என்றேன் நான்.

“காணும், இது போதும்.”

“நீர் பேணியை இஞ்ச தாரும்.”

வாங்கி நானே அப்பினேன். புருவத்துக்கு மேலே, பிடரியில், காதோரம். அதன்மேல் கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, கண்ணாடியையும் மாட்டினேன்.

நடை தொடங்கிப் பத்து நிமிடத்தில் குளிர் போய்விட்டது. ஐந்து உடுப்புகளுக்குள் நான் இடியப்பம்போல் அவிந்தேன். மூக்கிலிருந்து வடிந்தது மீசையில் ஏறி உறைந்தது. அதை நக்காமல் இருப்பது பெரும் பாடு. முன்னால் போன மச்சான் இளைப்பாற நிற்கும்போதெல்லாம் திரும்பி என் முகத்துக்கு நேரே மூச்சுவிட்டான். காலையில் தின்ற சீஸ் இன்னும் அவனுக்குள் உயிரோடு இருந்தது. பாதையின் ஓரத்தில் நாய்கள் மஞ்சள் மஞ்சளாகத் தங்கள் வரவைப் பதிந்திருந்தன. “சுவிஸில அதுவும் துப்புரவோ?” என்று கேட்டேன். மச்சான் கேட்காதவன்போல் நடந்தான்.

முகட்டில் ஏறிய கொஞ்ச நேரத்தில் இடது கண் எரிந்தது. பிறகு வலது கண். மிளகாய்த்தூள் கையோடு கண்ணைக் கசக்கியதுபோன்ற எரிவு. தண்ணீராக ஊற்றியது. திறந்து பார்த்தேன். வெள்ளை. எல்லாம் வெள்ளை. மலையில் வெள்ளையைத் தவிர வேறென்ன இருக்கும் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. வெயில் உள்ளே போகிறது என்று கண்ணாடியின் பட்டியை இன்னும் இறுக்கினேன். எரிவு கூடியது. கூடக்கூட இறுக்கினேன். கடைசியில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு மச்சானின் முதுகுப்பையைப் பிடித்தபடி நடந்தேன். இரண்டு பக்கமும் பாதாளம் என்றே நம்பினேன். ஒவ்வொரு தட்டையும் கயிற்றில் வைப்பதுபோல் வைத்தேன். ஒரு தட்டின் மேல் மற்றத் தட்டு ஏறியது. முகம் குப்புற விழுந்தேன். யாரோ ஒருவருடைய கால் மிதித்த பனி வாய்க்குள் போனது. துப்பினேன். அதில் பாதி என் ஜாக்கெட்டில் விழுந்தது.

“அத்தான், எழும்புங்கோ.”

“என்னால ஏலாது. கண் போயிட்டுது.”

மனைவி பின்னால் இருந்து வரும் சத்தம் கேட்டது. சரக், சரக் என்று ஒழுங்கான நடை. பக்கத்தில் வந்து முழங்காலில் இருந்தாள்.

“என்னப்பா செய்யுது?”

அந்த நேரம் எனக்குள் இருந்த கோழை எழுந்து நின்றுவிட்டான். “காருக்குள்ள லாச்சியில, எல் போர்டுக்குக் கீழ ஒரு கடிதம் கிடக்கு. எடுத்துப் பாரும். கண்ணுக்குப் பின்னால ஏதோ மாற்றமாம். திரும்பப் படம் எடுக்க வரட்டாம். நான் உமக்குச் சொல்லேல்லை.”

அவள் என் தொப்பியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டாள். மச்சான் குறுக்கே பேசவில்லை. அவனுக்கு வாய்மூடத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“எவ்வளவு நாளாய்?” என்று மனைவி கேட்டாள்.

“ஒரு மாசம்.”

“ஒரு மாசமாய் அதை வைச்சுக்கொண்டு ரோல்ஸ் திண்டனீங்கள்.”

“ஓம்.”

“இப்ப ஒண்டும் தெரியேல்லையோ?”

“ஒண்டுமே தெரியேல்லை.”

“மூடிக்கொண்டிருந்தா என்னெண்டு தெரியும்? திறவுங்கோ.”

திறக்க முடியவில்லை. வழிகாட்டி வந்தாள். என் கைகளை விலக்கிக் கண்ணாடியைப் பின்னால் இழுத்தாள். உடனே தலையைத் திருப்பி இருமினாள். பிறகு கண்ணாடியை முகர்ந்து, தூரப் பிடித்துக்கொண்டு, மச்சானிடம் ஏதோ கேட்டாள்.

“அத்தான், மூஞ்சையில என்ன பூசினனீங்கள் எண்டு கேக்கிறா.”

மனைவி கைப்பையைத் திறக்கும் சத்தம் கேட்டது. பேணியை எடுத்துக் காட்டியிருப்பாள். வழிகாட்டி திறந்து பார்த்திருப்பாள், இன்னொரு இருமல் கேட்டது. அவள் தன் போத்தல் தண்ணீரை என் கண்களில் ஊற்றி ஊற்றிக் கழுவினாள். மச்சான் துடைக்க நீட்டிய கடதாசியில் சீஸ் மணந்தது. அதையும் முகத்தில் வைத்தேன். மனிதன் எதற்கும் பழகுவான்.

கண் மெல்லத் திறந்தது. முதலில் மனைவியின் முகம் தெரிந்தது. அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. அதன்பிறகு முகடு. நான் உயிரைக் கையில் பிடித்துக் கடந்த அந்த முகடு எங்கள் இல்ஃபோர்ட் கடைத்தெருவைவிட அகலம். ஒரு கிழவர் முதுகில் பேரப்பிள்ளையைச் சுமந்துகொண்டு எங்களைக் கடந்து போனார். பிள்ளை என்னைப் பார்த்துக் கைகாட்டியது.

“அவ உண்மையில கண் அவிஞ்சுபோகும் எண்டு சொன்னவவோ?” என்று மச்சானிடம் கேட்டேன்.

“கண்ணாடி போடுங்கோ எண்டவ. நான் உங்களுக்கு விளங்கட்டும் எண்டு கொஞ்சம் சேர்த்தனான்.”

லண்டனுக்கு வந்திறங்கிய அன்றே மனைவி காரின் லாச்சியைத் திறந்தாள். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். குறித்த நாளில் அவளும் வந்தாள். கார் அவள்தான் ஓடினாள், கண்ணில் மருந்து விட்டால் நான் திரும்பி ஓடக்கூடாது. என்னிடம் பழகினால் நான் கத்துவேன் என்று வேறு ஆளிடம் பழகிப் பாஸ் பண்ணியவள். பழக்குகிறவனுக்கென்று பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் இருந்தும் நான் அதில் கால் வைக்கவில்லை. அது எனக்குப் பெரிய காரியம்.

படம் எடுக்குமுன் நர்ஸ் கேட்டாள், அண்மையில் கண்ணுக்கு ஏதும் நடந்ததா என்று. நான் இல்லை என்றேன். மனைவி பேணியின் உயரத்தையும் அகலத்தையும் கையால் காட்டி முழுவதையும் சொன்னாள். நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

முடிவு சில வாரத்தில் வந்தது. மாற்றம் முன்பிருந்த அளவிலேயே நிற்கிறது, சீனியைக் குறைக்க வேண்டும், வண்டி ஓடலாம், அடுத்த வருடம் மறுபடி வர வேண்டும். அந்தக் கடிதம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது. ரோல்ஸ் இல்லை.

மலையில் நடந்தது இவ்வளவுதான். வேர்வையில் தைலம் கரைந்து கண்ணுக்குள் வழிந்தது. அதன் ஆவி வெளியே போகாமல் நான் கண்ணாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.