அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத அந்த ஒரு வாரம்

லார்னகா விமான நிலையத்தில் எங்களுக்குக் கொடுத்த வாடகைக் காரின் நம்பர் பிளேட் சிவப்பாக இருந்தது. சைப்ரஸ் தீவில் வாடகைக் கார்களுக்கெல்லாம் அப்படித்தானாம். ஓட்டுகிறவன் வெளியூர்க்காரன், எதையாவது தப்பாகச் செய்வான், ஒதுங்கிப் போங்கள் என்று ஊராருக்குச் சொல்வதற்கு. என் மனைவி அதைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கே இடது பக்கம் ஓட்ட வேண்டும். "நம்ம ஊர் மாதிரிதானே" என்று பெரிய மனுஷன் போலச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். நம்ம ஊரில் நான் கார் ஓட்டியதே கிடையாது. கற்றுக்கொண்டது, லைசென்ஸ் எடுத்தது எல்லாம் அபுதாபியில், வலது பக்கத்தில். முதல் ரவுண்டானாவிலேயே எதிர்ப்பக்கம் திரும்பி, ஆரஞ்சு மூட்டைகளோடு வந்த ஒரு பெரியவரின் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். சிக்னல் போடலாம் என்று கையை வைத்தால் வைப்பர் ஆடியது. "டாடி, இட்ஸ் நாட் ஈவன் ரெய்னிங்" என்றாள் பின்சீட்டிலிருந்து ஒன்பது வயது மகள்.

இந்தப் பயணத்துக்கு நான் லீவு வாங்கிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

கல்ஃபில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு லீவு என்றால் ஊர்தான். மாமியார் வீடு, சித்தப்பா வீடு, நாலு கல்யாணம், ரெண்டு கிரகப்பிரவேசம், பெட்டி நிறைய பேரீச்சம்பழமும் தைலமும். பத்து வருஷம் இப்படிப் போய் வந்த பிறகு என் மனைவி ஒருநாள் வெடித்துவிட்டாள். "ஒரு வாரம். ஒரே ஒரு வாரம். யார் வீட்டுக்கும் எதையும் தூக்கிட்டுப் போகாம, யார் கால்லயும் விழாம, நாம மூணு பேர் மட்டும்." அவள் கேட்டதில் தப்பே இல்லை. மகளுக்கு வசந்த விடுமுறை வரும் வாரமாகப் பார்த்து விசா, டிக்கெட், கார் எல்லாவற்றையும் முடித்தோம். நான் இன்ஜினியராக இருந்த கட்டட சைட்டின் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த லீவு பட்டியலை மட்டும் நான் பார்க்கவில்லை.

அதே வாரம் என் ஃபோர்மேனுக்கு லீவு எழுதியிருந்தது. சிவகங்கைப் பக்கத்துக்காரர். முசஃபா தொழிலாளர் கேம்ப்பில் தங்கி, ஆறு வருஷமாக என்னோடு வேலை பார்த்தவர். பங்குனி உத்திரத்தன்று குலதெய்வக் கோயிலில் அவருடைய தங்கை மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், இவரோ தங்கைக்கு ஒரே அண்ணன். தோடு வாங்கி ஒரு மாதமாகப் பெட்டியில் வைத்திருந்தார். என்னிடம்கூட எடுத்துக் காட்டினார். அப்போதும் எனக்குத் தேதி உறைக்கவில்லை.

எங்கள் மேனேஜர் லாகூர்க்காரர். நீயும் ஃபோர்மேனும் ஒரே நேரத்தில் போனால் கான்கிரீட்டை நானா கொட்டுவது என்று கத்தினார். அந்த நேரத்தில், யோசிக்கக்கூட இல்லை, என் வாய் தானாகச் சொன்னது: "அப்பாவுக்கு நெஞ்சுவலி. எமர்ஜென்சி லீவு வேணும்." இதில் நான் ஒன்றும் புதுசாகக் கண்டுபிடித்துவிடவில்லை. லீவுக்காக நம் ஆட்கள் படுக்கையில் தள்ளிய அப்பா அம்மாக்களை வரிசையாக நிற்க வைத்தால் அபுதாபி கார்னிஷ் கடற்கரை கொள்ளாது. அந்தப் பொய் மேனேஜருக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் மேனேஜர் ஃபோர்மேனைக் கூப்பிட்டுவிட்டார். அவர் வந்தார், விஷயத்தைக் கேட்டார், ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "சாப், இஸ்கா பாபா பீமார். மே பாத் மே ஜாயேகா, கலாஸ்" என்று தன் உடைந்த இந்தியில், இவர் அப்பாவுக்கு முடியவில்லை, நான் அப்புறம் போகிறேன், அவ்வளவுதான் என்று சொல்லி, தன் லீவைத் தானே பின்னால் தள்ளிக்கொண்டார். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்தார். "காது குத்து கெடக்கட்டும் சார். அப்பாவப் போயி பாருங்க."

அந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் நின்றோம். தமிழில் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நான் தலையை ஆட்டினேன். கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. அதைப் பார்த்து அவர் இன்னும் நம்பினார்.

நாலாவது நாள் ட்ரூடோஸ் மலையில் ஏறிக்கொண்டிருந்தோம். பைன் மரங்கள், வளைவுக்கு வளைவு பாதாம் பூ, மனைவி பத்து வருஷத்தில் பாடாத பாட்டெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள். என் அபுதாபி நம்பருக்கு அழைப்பு வந்தது. ஓரமாக நிறுத்தினேன்.

"சார், அப்பா எப்புடி இருக்காக?"

"ஆஸ்பத்திரியிலதான் இருக்கார். பரவாயில்ல."

"நாளைக்கு உத்திரம்ல சார். பாப்பாவோட தோட்ட, ஊருக்குப் போன ரூம்காரர் ஒருத்தர்ட்ட குடுத்துவிட்டேன். அப்புடியே அப்பா பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணச் சொல்லிருக்கேன். என்ன நட்சத்திரம்னு சொல்லுங்க."

நட்சத்திரத்தைப் பொய்யாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. "கேட்டை" என்றேன். அதுதான் அப்பாவின் நட்சத்திரம்.

போனை வைத்ததும் பின்சீட்டிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "டாடி, தாத்தா ஹாஸ்பிட்டல்லயா? இஸ் ஹி கோயிங் டு டை?" என் மகளுக்குத் தமிழ் அரைகுறை என்று ஊரெல்லாம் குறைபட்டுக்கொண்டிருந்தவன் நான். அவள் ஒரு சொல்லையும் தவறவிடவில்லை.

மேனேஜரிடம் சொன்ன பொய் மனைவிக்குத் தெரியும். ஃபோர்மேன் கதை தெரியாது. அங்கேயே சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவர்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் பாட்டு நின்றுவிட்டது.

அடுத்த கிராமத்தில் நிறுத்தி, பொய் பலித்துவிடுமோ என்று பயந்துபோய் ஊருக்குப் போன் போட்டேன். அப்பாதான் எடுத்தார். காலையில் நடந்துவிட்டு வந்தாராம், பால்காரனோடு சண்டையாம். "என்னடா திடீர்னு? இந்த வருஷம் சித்திரைக்கு வர்றியா?" என்றார். "லீவு கெடைக்கலப்பா" என்றேன். "சரி சரி, வேலையப் பாரு" என்றார். நான் படுக்கையில் தள்ளிய மனிதர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

மிச்சம் மூன்று நாள் கடற்கரை ஓரமாகவே ஓட்டினோம். பாஃபோஸில் தரையில் கல் பதித்த பழைய சித்திரங்களைப் பார்த்தோம் என்று போட்டோக்கள் சொல்கின்றன. எல்லாவற்றிலும் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இப்போது கோயிலில் என்ன நடக்கிறது, குழந்தை யார் மடியில் உட்கார்ந்திருக்கிறது, இதுதான் மண்டைக்குள் ஓடியது. மனைவி பத்து வருஷம் காத்திருந்த வாரத்தையும் நான்தான் கெடுத்தேன்.

திரும்பி வந்ததும் இன்னொரு கூத்து. ஊருக்குப் போய்விட்டு வருகிறவன் சைட்டுக்குப் பலகாரம் கொண்டுவராமல் இருக்க முடியாது. அபுதாபி ஹம்தான் தெருவில் நம் ஆள் ஒருவரின் கடையில் முறுக்கும் மிக்சரும் வாங்கி, பாக்கெட்டைப் பிரித்து, வீட்டு டப்பாவில் கொட்டி எடுத்துப் போனேன். ஃபோர்மேன் ஒரு முறுக்கைக் கடித்துவிட்டு, "ஊரு ருசியே தனி சார்" என்றார். கடையில் அன்று காலை வாங்கியது. அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் அவரைத் தனியாக அழைத்துப் போனேன்.

ஆனால் அவர் முந்திக்கொண்டார். அவருடைய தங்கை அவரோடு பேசுவதில்லை. ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரின் மடியில் வைத்துத்தான் காது குத்தியிருக்கிறார்கள். கூடப்பிறந்தவன் வரவில்லையே என்று சொந்தக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், அவளுடைய மாமியார் என்னென்னவோ பேசியிருக்கிறார். அண்ணனுக்கு டூட்டிதான் பெரிதாகப் போய்விட்டது, என் பிள்ளை வேண்டாதவளாகிவிட்டாள் என்று அவள் கோயிலிலேயே அழுதிருக்கிறாள். இவர் போன் செய்தால் எடுப்பதில்லை.

"நான் சொன்னா சாக்குச் சொல்றேங்குறா சார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க அப்பாவுக்கு நெசமாவே முடியலைன்னு நீங்க சொன்னா நம்பிருவா."

உண்மையைச் சொல்லத்தான் வந்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு இன்ஜினியர் குடும்பத்தோடு தீவு சுற்றிப் பார்ப்பதற்காக அவர் ஏமாந்து நின்றார் என்று ஆகும். தங்கையின் கோபம் அப்போதும் தீராது. இப்படி எனக்கு வசதியான நியாயம் எல்லாம் மளமளவென்று கிடைத்தது. என் போனிலிருந்தே அவள் நம்பரைப் போட்டேன்.

புது நம்பர் என்பதால் எடுத்தாள். நான் யாரென்று சொன்னேன். என் அப்பா, நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி, உன் அண்ணன் விட்டுக்கொடுத்த லீவு. எல்லாவற்றையும் சொன்னேன், முன்பைவிட நன்றாகவே வந்தது. பக்கத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் அவள் கேட்டது இதைத்தான்.

"அப்பாரு இப்ப நல்லாருக்காகளாண்ணே?"

"நல்லா இருக்கார்மா."

"அது போதும்ணே. ஒரு உசுருக்காகத்தேன் எங்கண்ணன் வரலன்னு தெரியாமப் போச்சு. நான் என்னென்னமோ பேசிப்புட்டேன். உங்களையும் சேத்துத்தேன் வஞ்சேன், இவருக்கு மட்டும் லீவு கெடைக்குது பாருன்னு. மனசுல வச்சுக்காதீக. மன்னிச்சுக்கங்கண்ணே."

"பரவாயில்லம்மா" என்று சொல்லி, நான் அவளை மன்னித்தேன்.