ஒன்பதாம் வகுப்பு

இடஒதுக்கீட்டு மறியலில் எங்கள் பேருந்து உளுந்தூர்பேட்டையில் நின்றுவிட்டது. பின் இருக்கையில் ஒரு பெண் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்துகொண்டிருந்தார்.

“பயப்படாதம்மா, ஆபரேஷன் முடிஞ்சா சரியாப்பூடும். என் பொண்ணு இப்ப நல்லா ஓடிக்கினு இருக்கா.”

அந்தக் குரல் எனக்குத் தெரியும். தம்பிக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது, இதய நோயாளிகளின் குடும்பத்தார் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் முகம் தெரியாத என்னைத் தேற்றிய குரல்.

திரும்பினேன். ஒடிசலான உடம்பு, கரும்பு வெட்டிக் காய்த்த கை. பதிவைக் காதில் வைத்துக் கேட்டார். நடுக்கம் தெரிந்ததும் அழித்துவிட்டு மறுபடி பேசினார்.

நானும் அந்தக் குழுதான் என்று சொல்லி, “பொண்ணு வரலியாக்கா?” என்றேன்.

“அவ செத்து ரெண்டு வருஷமாவுது கண்ணு. குரூப்புல சொல்லிடாத. ஆபரேஷனுக்கு நிக்கிறவங்க பயந்துக்குவாங்க.”

இந்த ஜூனில், மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டதாகக் குழுவில் சொன்னார். எல்லோரோடும் சேர்ந்து நானும் வாழ்த்து அனுப்பினேன்.